கல்லீரல் இரும்பை அளக்க எந்த வழி: ஊசியா, காந்தமா, நியூட்ரானா?

தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவருக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. வெளியேறுவது நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிகையாக வந்த இரும்பைத் தள்ளிவிட மனித உடலில் வழியே கிடையாது. ஆண்டுக்கு 20 பை ஏற்றிக்கொள்கிறவருக்கு 4 கிராம் சேர்ந்துவிடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவரின் உடல் முழுவதிலும் உள்ள இரும்பே 3 அல்லது 4 கிராம்தான். சேருவதில் பெரும்பங்கு கல்லீரலில் தங்குகிறது. அங்கே இடம் போதாமல் வழிவது இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் புகுந்து சேதம் செய்கிறது.

இரும்பை வெளியேற்ற மருந்துகள் இருக்கின்றன. தோலுக்கடியில் ஊசி பொருத்தி இரவு முழுவதும் பம்பு வழியே செலுத்தும் டெஸ்ஃபெரியாக்சமின் பழையது. டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் இரண்டும் வாய்வழியாகக் கொடுப்பவை. குறைத்துக் கொடுத்தால் இரும்பின் கை ஓங்கும். கூட்டிக் கொடுத்தால் காது, கண், சிறுநீரகம் என்று வேறு இடத்தில் வில்லங்கம் தொடங்கும். ஆகவே மருத்துவருக்கு ஓர் எண் வேண்டும்: உலர்ந்த கல்லீரல் திசு ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் இரும்பு? 1.8-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 7-ஐத் தாண்டினால் சிக்கல்கள் கூடும். 15-க்கு மேல் போனால் இதயத்துக்கும் உயிருக்கும் ஆபத்து.

கல்லீரல் ஒன்றை மட்டும் பார்த்து மொத்த உடலின் கணக்கைச் சொல்ல முடியுமா என்ற சந்தேகத்துக்கு 2000-ஆம் ஆண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் தலசீமியாவிலிருந்து குணமான இத்தாலிய நோயாளிகளிடம் மிகை இரும்பு தீரும்வரை ரத்தம் எடுத்து, வெளியே வந்த இரும்பைக் கணக்கிட்டார்கள். கல்லீரல் எண்ணை 10.6-ஆல் பெருக்கினால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் இரும்புச் சேமிப்பு என்பது வந்துவிடுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கல்லீரல் எண் 15 என்றால் சேமிப்பு ஏறத்தாழ 8 கிராம்.

அந்த எண்ணைப் பெற ஐந்து வழிகள் பேசப்படுகின்றன: ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), கல்லீரல் பயாப்சி, ஸ்குவிட் என்ற காந்த அளவி, எம்.ஆர்.ஐ., கடைசியாக நியூட்ரான். இன்றைக்கு ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு எம்.ஆர்.ஐ.தான், அதை மறைத்து வைத்துக் கடைசிப் பத்தியில் அவிழ்ப்பதில் பொருளில்லை. ஆனால் நியூட்ரான் முறை ஏன் தோற்றது, எங்கே தோற்கவில்லை என்பதைப் பார்க்காமல் மற்ற நான்கின் பலவீனங்களும் சரியாகப் புரியாது.

ஃபெரிட்டினைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மலிவு, எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் காய்ச்சல் வந்தாலும் ஏறும், கல்லீரல் அழற்சி வந்தாலும் ஏறும். வைட்டமின் சி குறைந்தவரிடம் உண்மைக்குக் கீழே காட்டும். ஓராண்டுப் போக்கைக் காட்ட அது போதும். ஒற்றை எண்ணை நம்பி மருந்தின் அளவை மாற்றுவது சூதாட்டம்.

பயாப்சிதான் நெடுங்காலம் நீதிபதியாக இருந்தது. விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி நூல்போன்ற ஒரு துணுக்கை எடுத்து, உலர்த்தி, எடை போட்டு, கரைத்து, இரும்பை அளப்பார்கள். வலி உண்டு, அபூர்வமாக உள்ளே ரத்தக்கசிவும் உண்டு. வருடந்தோறும் ஒரு குழந்தையை இதற்காகப் படுக்க வைக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. இந்தக் குறைகள் எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத குறை, அந்த எண்ணின் நம்பகத்தன்மை. எடுத்த துணுக்கு மொத்தக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. கல்லீரலில் நார்த்திசு படர்ந்திருந்தால் இரும்பு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரே நாளில், ஒரே ஆளிடம், இரண்டு அங்குலம் தள்ளி எடுத்த துணுக்கு வேறு எண்ணைத் தரும். மெழுகில் பதித்து வைத்த துணுக்கில் கொழுப்பு கரைந்து போய்விடுவதால் உலர் எடை குறைந்து, இரும்பின் எண் கூடிவிடுகிறது. நீதிபதியின் தராசே ஆடுகிறது. ஆயினும் கல்லீரல் எந்த அளவுக்கு நார்த்துப் போயிருக்கிறது, வேறு நோய் ஏதேனும் இருக்கிறதா என்று திசுவைக் கண்ணால் பார்க்க வேண்டிய சூழலில் பயாப்சியை எதனாலும் ஒதுக்க முடியாது. அப்படி எடுக்கும்போது இரும்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். இரும்புக்காக மட்டும் ஊசி போடும் காலம் போய்விட்டது.

ஸ்குவிட் ஓர் அழகான கருவி. கல்லீரலில் தேங்கிய இரும்பு மிக மெல்லிய காந்தத்தன்மை கொண்டது; சுற்றியுள்ள திசுவுக்கு அதற்கு நேரெதிரான குணம். அந்த நுண்ணிய வேறுபாட்டைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்த மீகடத்திச் சுருள் உணர்ந்து சொல்லும். 1982-இல் அமெரிக்காவில் இதை மனிதர்களிடம் செய்து காட்டினார்கள். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. ஆனால் உலகம் முழுவதிலும் ஹாம்பர்க், டூரின், ஓக்லாந்து என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இது அமைந்தது. அதோடு ஒரு சங்கடமும் நேர்ந்தது. டெஃபெராசிராக்ஸ் மருந்தின் பெரிய சோதனைகளில் சிலருக்குப் பயாப்சியும் சிலருக்கு ஸ்குவிட்டும் பயன்படுத்தினார்கள். ஸ்குவிட் தந்த எண்கள் பயாப்சி எண்களில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தன. உடலுக்குள் இருக்கும் ஈரமான கல்லீரலை அளந்துவிட்டு உலர் எடைக்கு மாற்றும்போது எந்தப் பெருக்கெண்ணைப் போடுவது என்ற தகராறு அதற்குள் இருந்தது. 3.3 என்று போட்டால் ஓர் உலகம், 6 என்று போட்டால் வேறோர் உலகம். மருந்தின் அளவை இந்த எண் தீர்மானிக்கிறது என்பதால் இதை ஏட்டுச் சண்டை என்று தள்ளிவிட முடியாது.

எம்.ஆர்.ஐ. வேறு பாதையில் போகிறது. அது இரும்பைப் பார்ப்பதே இல்லை. இரும்புத் துகள்களுக்கு அருகில் இருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எவ்வளவு விரைவாகத் தாளம் தப்புகின்றன என்பதைத்தான் அளக்கிறது. இரும்பு கூடினால் சமிக்ஞை விரைவில் மங்கும். டி2 ஸ்டார் என்பது அந்த மங்கலின் கால அளவு. அதைத் தலைகீழாக்கினால் ஆர்2 ஸ்டார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் டிம் செயின்ட் பியர் குழு, ஆர்2 என்ற இணையான அளவை 105 பேரின் பயாப்சியோடு ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டது. அந்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதன் வணிக வடிவத்தை அனுமதித்தது. இதற்குள் 2001-இல் லண்டன் குழு ஒன்று இதயத்தின் டி2 ஸ்டாரை அளக்கும் முறையை வெளியிட்டிருந்தது. இதயத்தில் 20 மில்லி நொடிக்குக் கீழே போனால் இரும்பு ஏறிவிட்டது என்று பொருள், 10-க்குக் கீழே போனால் அபாயம்.

என் பார்வையில் தராசைச் சாய்ப்பது இந்த இதய அளவுதான். தலசீமியாவில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இதயம். கல்லீரல் எண் நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு தேங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரே படுக்கையில், ஒரே அமர்வில் இரண்டையும் அளந்து தரக்கூடியது எம்.ஆர்.ஐ. ஒன்றே. பயாப்சி ஊசியை இதயத்துக்கு வருடாவருடம் நீட்ட முடியாது. ஸ்குவிட்டும் நியூட்ரானும் நுரையீரலுக்கு நடுவே துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில் திணறுகின்றன.

எம்.ஆர்.ஐ.க்கும் குழிகள் உண்டு. இரும்பு மிக அதிகமான கல்லீரல், திரையில் முதல் படத்திலேயே கரிய பள்ளமாகத் தெரியும். அளப்பதற்குச் சமிக்ஞையே மிஞ்சாது. 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் கல்லீரல் எண் 25 அளவுக்கு வந்தால் டி2 ஸ்டார் ஒரு மில்லி நொடியாகச் சுருங்கிவிடும். 3 டெஸ்லா கருவியில் அதிலும் ஏறத்தாழ பாதி. கருவி தன் முதல் எதிரொலியை, அதாவது முதல் சமிக்ஞை அளவீட்டை, பிடிப்பதற்கே ஒரு மில்லி நொடி ஆகும் என்றால் கதை முடிந்தது. அதிக டெஸ்லா என்றால் நல்ல ஸ்கேன் என்று நினைத்துக் கூடுதல் பணம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: இரும்பை அளக்க 1.5 டெஸ்லாவே உகந்தது. சிறு குழந்தை மூச்சைப் பிடிக்காது, பழைய வகை இதயமுடுக்கி வைத்தவரை உள்ளே அனுப்ப முடியாது என்பன தனி.

இனி நியூட்ரான். முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் கமினி ஆராய்ச்சி அணு உலையில் நியூட்ரான் படமெடுப்பு நடக்கிறது. அங்கே பொருளைக் கடந்து வரும் நியூட்ரான்களின் நிழலைப் படமாக்குகிறார்கள். உடல் திசுவுக்கான முறையில் நிழல் முக்கியமில்லை. நியூட்ரான் மோதியதும் அணுக்கரு என்ன பதில் சொல்கிறது என்பதைக் கேட்கிறார்கள்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலெக்ட்ரான் கூட்டம் அதைத் தடுக்காது. நேராகப் போய் அணுக்கருவில் மோதும். சில மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான் இரும்பில் மோதினால், அந்த அணுக்கரு கிளர்ச்சியடைந்து, பிக்கோ நொடிகளில் 847 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரை விட்டுத் தணிகிறது. கார்பனுக்கு 4,439, ஆக்சிஜனுக்கு 6,130 என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் தன் எண். உடலைச் சுற்றிலும் காமா உணர்கருவிகளை வைத்து, நியூட்ரான் கற்றையை மெல்ல நகர்த்தியும் கோணம் மாற்றியும் பாய்ச்சினால், சி.டி. ஸ்கேன் கணக்கைப் போலவே எந்தத் தனிமம் எங்கே எவ்வளவு என்ற படத்தை எழுப்பலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கேரி ஃப்ளாய்ட், அனுஜ் கபாடியா உள்ளிட்ட குழு 2006 வாக்கில் இந்த முறையை முன்வைத்தது. மார்பகப் புற்றுநோய்த் திசுவில் தனிமங்களின் அளவு மாறுவதைப் பிடிப்பதும், கல்லீரல் இரும்பை அளப்பதும் அவர்களின் இரு இலக்குகள். மாட்டுக் கல்லீரலில் செயற்கையாக இரும்பைச் சேர்த்துப் பரிசோதித்து, இரும்பின் கோடுகள் (அதற்குரிய ஆற்றல் எண்ணில் எழும் காமா முகடுகள்) தெரிவதை 2008-இல் காட்டினார்கள்.

இதில் என்னைக் கவர்வது ஒன்றுதான். இரும்பு ஃபெரிட்டினுக்குள் அடைபட்டிருக்கட்டும், ஹீமோசிடரினாகத் திரண்டிருக்கட்டும், கொழுப்பு நிறைந்த கல்லீரலில் இருக்கட்டும். அணுக்கருவுக்கு அந்த வேதியியல் ஒன்றும் தெரியாது. பயாப்சியைத் தவிர மற்ற எல்லா முறைகளும் இரும்பின் ஏதோ ஒரு விளைவை அளந்து இரும்பை ஊகிக்கின்றன. நியூட்ரான் இரும்பையே எண்ணுகிறது. இயற்கை இரும்பில் ஏறத்தாழ 92 விழுக்காடு ஒரே ஐசோடோப் என்பதால் எண்ணுவதும் எளிது.

காகிதத்தில் எளிது. சோதனைச் சாலையில் அந்த 847-ஐச் சுற்றிலும் கூட்டம். அலுமினியம் 844-இல் ஒரு கோடு விடுகிறது. கற்றைக் குழாயில், படுக்கையின் சட்டத்தில், உணர்கருவியின் உறையில் என்று அலுமினியம் இல்லாத இடம் ஆய்வகத்தில் குறைவு. இந்த இரண்டையும் பிரித்தறியும் கூர்மை தூய ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான உணர்கருவிக்கு மட்டுமே உண்டு. அந்த ஜெர்மானியத்திலேயே சிதறிய நியூட்ரான் மோதினால் 834-இல் இன்னொரு கோடு கிளம்புகிறது. அது கூர்மையாக நிற்காமல் மேல் பக்கமாக வால் நீட்டி, இரும்பின் கோட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு வேக நியூட்ரான்கள் ஜெர்மானியப் படிகத்தையே நாளடைவில் கெடுத்துவிடும். வெப்பமூட்டிச் சீராக்க வேண்டும். நியூட்ரானைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி நேரத்தை வைத்துக் கோடுகளைப் பிரிக்கிறார்கள்: 5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் ஒரு நானோ நொடியில் 3 சென்டிமீட்டர்தான் போகும், காமா கதிரோ 30 சென்டிமீட்டர் போய்விடும். கல்லீரலிலிருந்து வந்த காமா முதலில் வந்து சேரும், சிதறிய நியூட்ரான்கள் பின்னால் வரும். நேர்த்தியான தந்திரம். ஆனால் இதற்கெல்லாம் துகள் முடுக்கி வேண்டும். டியூக் குழுவுக்கு அது பக்கத்திலேயே இருந்தது, மாவட்ட மருத்துவமனைக்கு இருக்காது.

அடுத்து கதிர்வீச்சு. எக்ஸ் கதிரைப்போல நியூட்ரானை எடை போட முடியாது. திசுவில் அது ஹைட்ரஜனை இடித்துத் தள்ளும்போது விளையும் சேதம் அடர்த்தியானது. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் வகுத்த வளைகோட்டின்படி 1 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அருகே நியூட்ரானின் தீங்கு எடை (எக்ஸ் கதிரைப்போல் எத்தனை மடங்கு தீங்கு என்ற எண்) ஏறத்தாழ 20. 5 மில்லியனில் 12. எக்ஸ் கதிருக்கு 1. ஒருமுறை அளப்பதற்கான கதிர் அளவைச் சிறியதாக வைத்துக்கொள்ள முடியும் என்பது உண்மை. உடலின் நைட்ரஜனை நியூட்ரானால் அளந்த பழைய கருவிகள் 1 மில்லிசீவெர்ட்டுக்குள்ளேயே வேலையை முடித்தன. இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் நம் மீது விழுகிறது. ஆனால் தலசீமியாக் குழந்தை இந்த அளவீட்டுக்குப் பள்ளி வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் வர வேண்டும். கதிரே இல்லாத ஒரு வழி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது, குழந்தைக்கு ஆண்டுதோறும் நியூட்ரானைச் சிபாரிசு செய்ய எந்த நியாயமும் இல்லை. நியூட்ரான் இரும்புப் படம் இன்றும் ஆய்வகத்துக்குள்ளேயே இருப்பதில் வியப்பில்லை.

இதே தோல்வியை நியூட்ரான் முன்பும் கண்டிருக்கிறது. 1964-இல் உயிருள்ள மனிதரை நியூட்ரானால் தூண்டி அளக்கும் முறை லான்செட் இதழில் வந்தது. பிறகு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உடலின் மொத்தக் கால்சியத்தை அளந்தார்கள். கால்சியம்-49 விடும் 3,084 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவை, 8.7 நிமிட அரை ஆயுள் கரைவதற்குள் எண்ண வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் டெக்ஸா என்ற இரட்டை எக்ஸ் கதிர் எலும்பு ஸ்கேன் வந்ததும் அந்த வேலை கைமாறிவிட்டது.

அப்படியானால் நியூட்ரானுக்கு எது மிச்சம்? எலும்பு ஸ்கேனும் காந்தமும் உதவாத தனிமங்கள். நைட்ரஜன் அணுக்கரு மெதுவான நியூட்ரானை விழுங்கி 10.83 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் காமாவை விடும். உடலில் வேறெதுவும் எட்டாத உயரம். நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் உடலின் மொத்தப் புரதம். காட்மியத் தொழிற்சாலைத் தொழிலாளியின் சிறுநீரகத்தில் தங்கிய காட்மியத்தை உயிரோடு இருக்கும்போதே அளக்க இதுவே கைகொடுத்தது. காட்மியம்-113 நியூட்ரானை விழுங்குவதில் அசுரன் என்பதால் குறைந்த கதிரே போதும். வெல்டிங் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் கை எலும்பில் மாங்கனீசை அளக்க, பர்டூ பல்கலைக்கழகத்தினர் மேசை மேல் நிற்கும் நியூட்ரான் ஆக்கியை வைத்து முறை வகுத்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: தூண்டப்பட்ட மாங்கனீசு 2.58 மணி நேர அரை ஆயுளில் சிதைந்து இரும்பாகும்போது விடுவதும் அதே 847 கோடுதான். இரும்பு உடனே பேசும், மாங்கனீசு கற்றையை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். நேரத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். மாங்கனீசுக்குக் கையை மட்டும் நீட்டினால் போதும்; இங்கெல்லாம் ஒருமுறையோ இருமுறையோ அளந்தால் போதும். கதிர்க் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது.

ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிறவர் என்னைக் கேட்டால், இரும்பிலும் நியூட்ரானுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பேன். எம்.ஆர்.ஐ. தரும் எண்ணுக்கு ஆதாரம் பயாப்சி. பயாப்சியின் தராசு ஆடுவதை மேலே பார்த்தோம். வேதியியலைப் பொருட்படுத்தாமல் மொத்தக் கல்லீரலையும் எண்ணும் ஒரு முறை, எம்.ஆர்.ஐ.யை அளவு திருத்தும் மூல அளவுகோலாக உதவலாம். அதற்கு ஊருக்கு ஒரு கருவி வேண்டாம், உலகத்துக்கு இரண்டு போதும். முழு விவரமும் அறிந்து ஒப்புதல் கொடுத்த பெரியவர்கள் சிலர், ஒருமுறை. நியூட்ரானும் ஈரக் கல்லீரலைத்தான் அளக்கும் என்பதால் அந்த 3.3-ஆ 6-ஆ தகராறு அதன் வாசலிலும் வந்து நிற்கும். எண்களை ஈர எடையிலேயே வெளியிட்டுப் பழகினால் அது தீரும்.

குடும்பத்துக்கான முடிவு இதைவிடச் சுருக்கமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின், ஆண்டுக்கு ஒருமுறை கல்லீரலுக்கும் இதயத்துக்கும் எம்.ஆர்.ஐ.; எந்த வயதில் தொடங்குவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை ரத்தநோய் மருத்துவர் முடிவு செய்வார். ஸ்கேன் மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள்: கருவி 1.5 டெஸ்லாவா, இரும்பை அளக்கும் மென்பொருள் இருக்கிறதா, முதல் எதிரொலி எத்தனை மில்லி நொடியில்? சாதாரண வயிற்று எம்.ஆர்.ஐ. எடுத்து ‘இரும்பு படிந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதித் தந்தால் அது மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவாது. அறிக்கையில் கல்லீரல் எண் உலர் எடையில் இருக்க வேண்டும், எந்த முறையில் கணக்கிட்டது என்றும் எழுதியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே மையம், அதே கருவி, அதே முறை. மாற்றியே தீர வேண்டும் என்றால் பழைய அறிக்கையையும் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஏறியதும் இறங்கியதும் இரும்பா, கணக்கிடும் முறையா என்று மருத்துவர் பிரித்தறிய வேறு வழியில்லை.